இரண்டு கட்டைச் சுருதியில் ஒரு வேலி

வாருங்கள் ஐயா, உள்ளே வாருங்கள். செருப்பு அங்கேயே கிடக்கட்டும், நாய் தொடாது. கரூரிலிருந்து யாரோ வரக்கூடும் என்று காதில் விழுந்தது. ஆகையால் வந்த காரியத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. என் தம்பி அர்த்தநாரியின் மகள் மேகலாவை உங்கள் அக்காள் மகனுக்குப் பேசியிருக்கிறீர்கள். பையனுக்கு நீங்கள் தாய்மாமன். வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் பெரியப்பனிடம் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறீர்கள். முறைதான். பெண் எடுக்கிறவர்கள் பங்காளி வீட்டில் விசாரிக்காமல் வேறெங்கே விசாரிப்பார்கள்? மோர் குடியுங்கள். நானே கடைந்தது. வீட்டுக்காரி இறைவனடி சேர்ந்துவிட்டாள். மகன் திருப்பூரில் இருக்கிறான், பண்டிகைக்கு வருவான்.

என் பேச்சு உங்களுக்கு விநோதமாகப் படலாம். கோயிலில் தேவார முற்றோதலில் முன்வரி சொல்லிச் சொல்லி நாக்கு இப்படிப் படிந்துவிட்டது. மேகலா சிறு பெண்ணாக இருந்தபோது கேலி செய்வாள். “பெரியப்பா சோறு கேட்டாலும் பதிகமாட்டத்தான் இருக்குதுங்க” என்பாள். நல்ல பெண். அந்தப் பெண்ணைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் வந்த இரண்டு வீட்டாரிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன். ஒருவர் பல்லடத்துக்காரர், ஒருவர் ஈரோட்டுப் பக்கம். இருவரும் நீங்கள் இருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள், கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அந்தச் சம்பந்தங்கள் ஏன் கைகூடவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

நீங்களும் அதையே கேட்கிறீர்கள். பெண்ணின் தகப்பனுக்கு இடக்கண் எப்படிப் போயிற்று? அண்ணன் வேலியை வெட்டப் போன இடத்தில் போயிற்று என்று ஊரில் சொல்கிறார்களே, உண்மையா?

சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் அதோ அந்த ஆணியில் தொங்குகிறதே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எடுத்துப் பாருங்கள். கனமாக இருக்கும். வண்டி கட்டும் பட்டறை வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், ஆகவே உங்களுக்கு எளிதில் விளங்கும். வேலிக் கம்பியை இழுத்து விறைப்பாக்கும் கருவி. இரண்டு தாடைகள். ஒன்று கம்பியைக் கவ்வும், மற்றது மூலைக்கல்லில் சுற்றிய சங்கிலியைப் பிடிக்கும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் சக்கரம் ஒரு பல் நகரும். நகர்ந்த பல்லை அந்த நாக்கு விழுந்து பிடித்துக்கொள்ளும். திரும்ப விடாது. ஒருவன் தனியாக நின்று இத்தனை பெரிய காட்டுக்கு வேலி இழுத்துவிடலாம். இதன் அருமை தெரிய வேண்டுமானால் இதற்கு முன்னால் என்னவெல்லாம் இருந்தன என்று தெரிய வேண்டும்.

எங்கள் அப்பா காலத்தில் கடப்பாரைதான். கம்பியின் நுனியைக் கடப்பாரையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அடியைக் கல்லுக்காலில் அண்டக்கொடுத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு நெம்ப வேண்டும். அப்பா நெம்புவார். நான் கம்பியைக் கல்லோடு சேர்த்துப் பிடிப்பேன், தம்பி கட்டுக்கம்பி போட்டு முறுக்குவான். அப்பாவுக்குத் தோள் வலி எடுத்த இடத்தில் வேலியின் விறைப்பும் முடிந்துவிடும். அதற்கு மேல் ஏறாது. அடுத்தது முறுக்குக் கட்டை. இரட்டைக் கம்பியின் நடுவே ஒரு கட்டையைச் செருகித் திருகுவது. கை நழுவினால் கட்டை திரும்ப வந்து தாடையில் அடிக்கும். அப்பாவின் தாடையில் ஒரு தழும்பு இருந்தது, அதனால் வந்ததுதான். அந்தக் கட்டையைத் திருகுகிறவன் எப்போதும் பயந்துகொண்டேதான் திருகுவான். எப்படி வேலி விறைப்பாக நிற்கும்?

பிறகு கொஞ்ச காலம் மாடு பூட்டி இழுத்தோம். கிணற்றில் கவலை கட்டி நீர் இறைத்த எருதுகள், இழுவைக்குப் பழகியவை. கம்பி விறைக்கிற வரைக்கும் போகும். விறைத்துவிட்டால் வலத்து மாடு நின்றுவிடும். அடித்தாலும் போகாது, வாலைக் கடித்தாலும் போகாது. தம்பிக்கு அது பெரிய வேடிக்கை. “அது சொல்லுதுங்கண்ணா, போதும்னு” என்பான். ஒரு வாயில்லாச் சீவன் போதுமென்று சொல்லி மனிதன் வேலையை நிறுத்துவதா? எனக்கு அந்த முறை பிடிக்கவேயில்லை. அதற்கப்புறம் கப்பியும் கயிறும் வந்தன. நல்ல முறைதான், ஆனால் ஒருவன் இழுக்க ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். பிடிக்கிறவன் கை ஓய்ந்தால் நழுவிவிடும். அவன் கை ஓய்வதற்குள் முடிக்க வேண்டும்.

இதில் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கோயமுத்தூரில் ஒரு இரும்புக் கடையில் வாங்கினேன். இது வந்த பிறகு அப்பாவின் தோள் வேண்டாம், மாடு வேண்டாம், தம்பி வேண்டாம். ஒரு பல், இன்னொரு பல், இன்னொரு பல். கைக்குப் பாரமே தெரியாது. எவ்வளவு இழுத்தோம் என்றுகூடத் தெரியாது. அவ்வளவு சுகம்.

இனி வேலிக்கு வருகிறேன். இந்தப் பக்கத்து மேய்ச்சல் காட்டைக் கொரங்காடு என்போம். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. அப்பா காலமான பிறகு அதைப் பாகம் பிரித்தோம். பிரித்ததில் ஒரு சச்சரவும் இல்லை. நான் எந்தப் பாதி கேட்டாலும் தம்பி சரி என்றான். ஆனால் நடுவேலி கிளுவை. கிளுவை உயிருள்ள வேலி ஐயா. வயிறு பெருத்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நகர்ந்துகொண்டேயிருக்கும். எல்லை எங்கேயடா என்று தம்பியைக் கேட்டால், “இங்கதானுங்க எங்கியோ” என்று சிரிப்பான். எனக்கு அது ஒத்துவராது. எல்லை என்றால் ஒரு கோடு. ஆகவே கிளுவையை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுப்பது என்று முடிவு செய்தேன். செலவு முழுவதும் என்னுடையது.

தம்பி ஒன்றுதான் கேட்டான். கிளுவை வேலியில் ஒரு கடவு இருந்தது. ஆள் ஒருக்களித்து நுழையலாம், மாடு நுழைய முடியாது. அப்படி ஓர் இடைவெளி. அவன் மனைவி பாவாத்தாள் காலையில் எனக்குப் பால் கொண்டுவருவது அந்த வழியில்தான். மேகலா ஓடி வருவதும் அதில்தான். “கடவு மட்டும் விட்டுருங்கண்ணா” என்றான். நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். நடுவில் இடைவெளி விட்டால் அதன் இரண்டு பக்கமும் மூலைக்கல் நட வேண்டும், கம்பியை அங்கே முடித்து அங்கிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும், இந்த மூலை முதல் அந்த மூலை வரை ஒரே மூச்சில் ஓடுகிற விறைப்பு அதில் வராது. அவன் கேட்டுக்கொண்டான். செரிங்கண்ணா என்றான். அதற்கப்புறம் பாவாத்தாள் காட்டைச் சுற்றிக்கொண்டு சில காலம் வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். நான் பால்காரனிடம் வாங்கிக்கொண்டேன். குறையொன்றும் இல்லை.

மேல் வரி மட்டும் முள் இல்லாத கம்பி. கெட்டிக் கம்பி, வெள்ளைப் பூச்சு. அதை இழுத்துக் கட்டிய அன்று மாலை, மூலைக்கல்லுக்கும் அதைத் தாங்க நட்ட துணைக்கல்லுக்கும் நடுவே கொஞ்சமாக ஓர் இடைவெளி இருக்கிறதே, அங்கே கம்பியை விரலால் தட்டினேன். ஓசை வந்தது. நல்ல ஓசை. நான் பாடுகிற சுருதி இரண்டு கட்டை. அந்த ஓசை அதற்குச் சற்றுக் கீழே நின்றது. கருவியை மாட்டி ஒரு பல் ஏற்றினேன், கொஞ்சம் நெருங்கிற்று. இன்னொரு பல். நான் சொல்வதை நீங்கள் சிரிக்காமல் கேட்பதே பெரிது. அந்த மாதத்தில் என் சுருதிப் பெட்டி பழுதாகிக் கிடந்தது. ஈசுவரனே இப்படி ஒரு தம்புராவைக் காட்டில் நட்டு வைத்தானோ என்று எனக்குத் தோன்றிற்று. தினமும் மாலையில் ஒரு பல், இரண்டு பல் என்று ஏற்றி, கடைசியில் இரண்டு கட்டையில் கொண்டுவந்து நிறுத்தினேன். தட்டினால் காடு முழுவதும் கேட்கும்.

தம்பி ஒரு நாள் அந்தப் பக்கம் நின்று பார்த்தான். “அண்ணா, இது போதுங்க. கல்லுக்கால் சாயுது பாருங்க” என்றான். சாய்ந்தது உண்மைதான். மண் இளகிய இடம். நான் ஜல்லியும் சிமெண்டும் போட்டு நிமிர்த்தினேன்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. வெயில் நேரத்தில் கம்பி நெகிழும், சுருதி இறங்கிவிடும். ஆகவே வெயில் தாழும்போது ஒரு பல் ஏற்றி வைப்பேன். விடியலில் போய்த் தட்டினால் சுருதி கொஞ்சம் ஏறியிருப்பதாகப் படும். மார்கழிக் குளிரில் என் காதுதான் அப்படிச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்த மார்கழி முழுவதும் பள்ளியெழுச்சியைக் கோயிலில் பாடவில்லை, மூலைக்கல்லின் அருகே நின்று பாடினேன். கிழக்கே வெளுக்கும், கம்பியைத் தட்டுவேன், கண்ணை மூடிக்கொள்வேன், பாடுவேன். அந்த நாட்களில் பாட்டின் நடுவே கண்ணில் நீர் வந்துவிடும். இப்போது வருவதில்லை. இப்போதும் பாடுகிறேன், ஒரு சொல்லும் மறக்கவில்லை, ஆனால் வருவதில்லை. வயதாகிவிட்டது.

அன்று குளிர் அதிகம். புல் நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது. இரண்டாம் பாட்டில் ஒரு சத்தம் கேட்டது. வெடிச் சத்தம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தந்தி அறுகிற சத்தம், கொஞ்சம் பெரிதாக. கண்ணைத் திறந்தேன். மேல் வரி இடத்தில் இல்லை. சுருண்டு சுருண்டு காட்டுக்குள் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் முகத்தைப் பொத்தியிருந்தான், விரல் இடுக்கில் இரத்தம் வந்தது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை ஐயா. கம்பி எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்தேன். அதைத்தான் முதலில் பார்த்தேன். அவன் சொன்னான், “ஒண்ணுமில்லீங்கண்ணா, நீங்க முடிச்சுட்டு வாங்க.” தொடங்கிய பாட்டை நடுவில் விடக்கூடாது என்பது நியமம். நான் மீதியையும் சொல்லி முடித்தேன். வாய்விட்டுத்தான் சொன்னேன், குரல் நடுங்கவில்லை. அதற்குள் பாவாத்தாள் ஓடிவந்து அவனை எழுப்பிக்கொண்டு போய்விட்டாள். தாராபுரத்துக்குக் கொண்டுபோனார்கள், பிறகு கோயமுத்தூருக்கு. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு குறடு கிடந்தது.

இதுதான் நான் சொல்வது, ஊர்க் கூட்டத்திலும் இதைத்தான் சொன்னேன். வேறொன்றும் நான் சேர்க்கவில்லை. விடியற்காலையில் ஒருவன் குறடோடு அண்ணனின் வேலி அருகே எதற்கு வருவான்? மாட்டுக் கொட்டகையின் தகரம் கட்டுவதற்காக இடுப்பில் வைத்திருந்தான், அன்று அதுதான் வேலை என்று சொன்னார்கள். பாட்டுக் கேட்க வந்தான் என்று பாவாத்தாள் கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சொன்னாள். “தெனமும்தான் போவாருங்க மாமா. உங்க பாட்டுக் கேட்டுட்டு வந்துதான் காப்பியே குடிப்பாரு. கம்பி மேல கைய வச்சுக்கிட்டு நின்னுட்டிருப்பாருங்க” என்றாள். தினமும் என்றாள். நான் ஒரு நாளும் அவனை அங்கே பார்த்ததில்லை. பாடும்போது கண்ணைத் திறக்கிற வழக்கம் எனக்கு இல்லையென்பது வேறு விஷயம்.

கூட்டத்தில் பெரியவர்கள் தம்பியைப் பார்த்து, நீ என்னப்பா சொல்கிறாய் என்று கேட்டார்கள். கண்ணில் கட்டுப் போட்டிருந்தான். என் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு சொன்னான்: “அண்ணன் சொன்னாச் செரியாத்தான் இருக்கும்.” அவ்வளவுதான். வெட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றமில்லாதவன் அப்படி வாய் மூடி உட்கார்ந்திருப்பானா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவன் மீது வருத்தமெல்லாம் இல்லை. வேலியை நான் மறுபடி இழுத்துக் கட்டிவிட்டேன். இந்த முறை சுருதி பார்க்கவில்லை. அதில் மனம் போகவில்லை.

மேகலாவா? அவள் ஒரு முறை வந்தாள். பல்லடத்துக்காரரும் ஈரோட்டுக்காரரும் வந்து போன பிறகு. வீட்டுக்கு வரவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள். வங்கி வேலைக்குப் போகிற உடுப்பு. “பெரியப்பா, உங்க ஒரு வார்த்தைலதானுங்க நிக்குது எல்லாம்” என்றாள். என்ன வார்த்தையம்மா என்றேன். “அப்பா வெட்டலீன்னு நீங்க சொல்ல வேண்டாமுங்க. பாக்கலீன்னு மட்டும் சொல்லுங்க. அது நெசந்தானுங்களே” என்றாள்.

ஈசன் பெயரைச் சொல்கிற நாக்கு ஐயா இது. அவளிடமும் அதைத்தான் சொன்னேன். கேட்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்வேன், இல்லாததைச் சொல்ல மாட்டேன் என்றேன். கம்பி மேல் கை வைக்கப் போனவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். ஒரு முள்ளும் இல்லாத கம்பி, ஏன் எடுத்துக்கொண்டாள் என்று விளங்கவில்லை. பிறகு போய்விட்டாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றியிருக்க வேண்டுமோ என்று மட்டும் சாயங்காலம் நினைத்தேன்.

நீங்கள் நம்பவில்லை போலிருக்கிறது. இருங்கள். அறுந்த துண்டை எடுத்து வைத்திருக்கிறேன், பூசை அறையில்தான். நாளைக்கு யாராவது நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? இந்தாருங்கள். நன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். அவன் வெட்டிய முனை அதுதான்.

ஆமாம், ஊசி போலத்தான் இருக்கிறது. நானும் கவனித்திருக்கிறேன். போகப் போக மெலிந்து, நுனி கூர்மையாக இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்? குறடு கடித்தால் முனை சப்பையாக நசுங்கி இருக்க வேண்டும் என்கிறீர்கள். இது மாட்டைப் பூட்டி இழுத்து அறுந்தாற்போல இருக்கிறது என்கிறீர்கள். ஐயா, நீங்கள் இரும்பில் புழங்குகிறவர், உங்கள் பட்டறைக் கம்பி வேறு, இந்தக் கம்பி வேறாக இருக்கலாம். குறடும் பல தினுசு உண்டு. அதைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொன்னேன்.

பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். குறடு கிடந்ததைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வெட்டியதையா? கண்ணை மூடியிருந்தேன் என்று சொன்னேனே. பாடிக்கொண்டிருந்தேன்.

எழுந்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்காரலாமே, வெயில் தாழட்டும். முன்பு வந்தவர்கள்கூட இவ்வளவு அவசரப்படவில்லை. அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே போகிறீர்கள்? கொடுத்துவிட்டுப் போங்கள். சரி, வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பையனின் வீட்டாரிடம் நான் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள். பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்னதாக அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நில்லுங்கள் ஐயா. பேருந்து வருகிற சாலை இந்தப் பக்கம். நீங்கள் இறங்கிப் போகிற வழி என் தம்பியின் வாசலில்தான் போய் முடியும். அவன் இப்போது வீட்டில்தான் இருப்பான், ஆனால் கேட்டாலும் பேச மாட்டான். என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டான். ஐயா, நான் சொல்வது காதில் விழுகிறதா? ஒன்றுமே சொல்லாதவனிடம் போய் என்ன கேட்கப் போகிறீர்கள்?